ஜாக் இல்லாத போன்: நான்கு வழிகளில் எதில் காசு போடலாம்?

புதுப் போனை வாங்கி வந்து, பழைய இயர்போனின் பின்னைச் செருகும் வட்டத் துளையை, அதாவது ஜாக்கை, தேடும்போதுதான் பலருக்கு விஷயம் உறைக்கிறது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. இருப்பது ஒரே ஒரு டைப்-சி துளை. இனி நான்கு வழிகள்தான். அடாப்டர் வாங்கிப் பழைய இயர்போனையே ஓட்டலாம். டைப்-சி பின் வைத்த இயர்போன் வாங்கலாம். புளூடூத்துக்கு மாறலாம். வாங்குவதற்கு முன்பே யோசித்திருந்தால், ஜாக் உள்ள மாடலாகப் பார்த்து எடுத்திருக்கலாம். கடையில் கேட்டால் இயர்பட்ஸைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். கையில் நல்ல ஒயர் இயர்போன் இருப்பவருக்கு அடாப்டர்தான் சரி என்பது இந்தக் கட்டுரையின் கட்சி. ஆனால் ஏமாறுகிற இடமும் அதில்தான் அதிகம்.

இந்த வழக்கு புதிதல்ல. 2016 செப்டம்பர் 7 அன்று ஐபோன் 7-ஐ அறிமுகப்படுத்திய ஆப்பிளின் ஃபில் ஷில்லர், ஜாக்கை எடுத்ததற்குக் காரணம் ‘துணிச்சல்’ என்றார். அந்த ஒரு சொல்லை வைத்து உலகமே கேலி செய்தது. போன் வருவதற்கு முன்பே, ஜாக்கை எடுக்க வேண்டாம் என்று கேட்ட இணைய மனுவில் 3 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். டிரில்லிங் மெஷினால் ஐபோனில் ஓட்டை போட்டால் உள்ளே ஜாக் இருக்கும் என்று ஒருவர் கிண்டலாக வீடியோ போட, அதை நம்பித் துளைத்துப் போனைக் கெடுத்துக்கொண்டதாகப் புலம்பியவர்களும் உண்டு. இவ்வளவுக்கும் பிறகு, டிசம்பரோடு முடிந்த காலாண்டில் ஆப்பிள் விற்ற ஐபோன்கள் 7 கோடியே 83 லட்சம். அதுவரை எந்தக் காலாண்டிலும் அத்தனை விற்றதில்லை. திட்டிக்கொண்டே வாங்கினார்கள் என்பதுதான் கணக்கு.

போட்டி நிறுவனங்கள் அந்தக் கணக்கைப் பார்த்தன. தன் முதல் பிக்ஸல் விளம்பரத்தில் ஜாக்கைக் காட்டி ஆப்பிளைச் சீண்டிய கூகுள், அடுத்த ஆண்டே பிக்ஸல் 2-இல் அதை எடுத்துவிட்டது. 2017-இல் அடாப்டரைக் கேலி செய்து விளம்பரம் எடுத்த சாம்சங், 2019 ஆகஸ்டில் நோட் 10-இல் அதே வேலையைச் செய்தது. தண்ணீர் புகாமல் இருக்கத்தான் எடுத்தோம் என்ற சமாதானமும் நிற்காது. ஐபோன் 7 வந்த அதே ஆண்டில் வந்த கேலக்ஸி எஸ்7, ஜாக்கோடு ஐபி68 தரம் பெற்றது. ஜாக் இல்லாத ஐபோன் 7-க்குக் கிடைத்தது அதைவிட ஒரு படி குறைவான ஐபி67. இடம் மிச்சமானது மட்டும் உண்மை.

இன்று முடிவெடுப்பவருக்கு இந்தப் பழங்கதையில் பயன்படும் பகுதி ஒன்று உண்டு. 2016-இல் அவரவர் எதில் காசு போட்டார்கள், அது இன்று எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும். ஐபோனின் அன்றைய துளைக்கான லைட்னிங் பின் வைத்த ஹெட்ஃபோன் வாங்கியவர், 2023-இல் ஐபோன் 15 டைப்-சிக்கு மாறியதும் அதைப் புதுப் போனில் நேரே செருக முடியாமல் நின்றார். 159 டாலர் கொடுத்து ஆப்பிளின் புளூடூத் இயர்பட்ஸான முதல் ஏர்பாட்ஸ் வாங்கியவரின் பேட்டரி சில ஆண்டுகளில் தளர்ந்துவிட்டது. பழுது பார்க்கும் வசதிக்கு, கருவிகளைப் பிரித்துப் பார்க்கும் ஐஃபிக்ஸிட் தளம் அதற்குக் கொடுத்த மதிப்பெண் பத்துக்குப் பூஜ்யம். பழைய 3.5 மி.மீ. ஹெட்ஃபோனையே வைத்துக்கொண்டவர் 9 டாலர் அடாப்டரை ஒருமுறை மாற்றினார், அவ்வளவுதான். அதிலும் முதல் அடாப்டர் ஐபோன் 7 பெட்டிக்குள்ளேயே வந்தது. 2018 மாடல்களிலிருந்துதான் அதையும் நிறுத்தினார்கள். பின் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே பெரிய காசைப் பின்னில் போடாமல் காதில் போடுவது நல்லது.

அடாப்டர்: வெளியே ஒரே உருவம், உள்ளே இரண்டு ஜாதி

பத்து சென்டிமீட்டர் ஒயர், ஒரு முனையில் டைப்-சி, மறுமுனையில் ஜாக். எல்லா அடாப்டரும் பார்வைக்கு இப்படித்தான். ஆனால் ஒரு ஜாதியில் சிப் எதுவும் கிடையாது, வெறும் ஒயர்தான். போனுக்குள்ளேயே ஒலியாக மாற்றிய சிக்னலை யூஎஸ்பியின் டேட்டா ஒயர்கள் வழியே அப்படியே வெளியே விடும். இதற்குப் போனும் ஒத்துழைக்க வேண்டும். மோட்டோ ஸெட், ஷாவ்மி மி 6, ஹுவாவே பி20 போன்றவை ஒத்துழைத்தன. இன்னொரு ஜாதியில் டைப்-சி முனையின் உள்ளேயே டாக் எனப்படும் குட்டி சிப் உட்கார்ந்திருக்கும். போன் வெறும் எண்களை அனுப்பும், ஒலியாக மாற்றுவது அடாப்டரின் வேலை. பிக்ஸல் 2, நோட் 10, ஐபோன் 15 எல்லாவற்றுக்கும் இந்த ஜாதிதான் வேண்டும்.

சிப் இல்லாததை இந்தப் போன்களில் செருகினால் ஒன்றும் நடக்காது. சில ஆண்ட்ராய்டு போன்கள், அனலாக் கருவி இந்தப் போனுக்குப் பொருந்தாது என்று திரையில் ஓர் அறிவிப்பு காட்டும். அதைக்கூடக் காட்டாத போன்களில் ஸ்பீக்கரே பாடிக்கொண்டிருக்கும். உடனே அடாப்டர் பழுது என்று முடிவுகட்டி, அதே ஜாதியில் இன்னொன்றை வாங்குகிறவர்கள் ஏராளம். டாக் உள்ளது பெரும்பாலும் எல்லாப் போனிலும் ஓடும். சிப் இல்லாதது சில போன்களில்தான் ஓடும். விலை வித்தியாசம் சில நூறு ரூபாய்தான் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு டாக் உள்ளதையே கேளுங்கள்.

எது எந்த ஜாதி என்று கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. டைப்-சி துளை உள்ள லேப்டாப்பில் அடாப்டரைச் செருகி, அதில் இயர்போனையும் செருகி, சவுண்ட் செட்டிங்ஸைத் திறங்கள். பட்டியலில் புதிதாக ஒரு ஆடியோ கருவி முளைத்தால் உள்ளே டாக் இருக்கிறது. முளைக்காவிட்டால் வெறும் ஒயர். இயர்போனையும் சேர்த்துச் செருகச் சொல்வதற்குக் காரணம், ஆப்பிளின் டைப்-சி அடாப்டர் ஜாக்கில் பின் ஏறும்வரை தூங்கிக்கொண்டே இருக்கும். அடாப்டரை மட்டும் செருகிவிட்டு வேலை செய்யவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

டாக் உள்ள அடாப்டரும் சில போன்களில் எழாது. ஓப்போ, ரியல்மி, விவோ, ஒன்பிளஸ் போன்களில் ஓடிஜி என்ற ஸ்விட்ச் செட்டிங்ஸில் தனியாக இருப்பது வழக்கம். அதை ஆன் செய்தால்தான் டைப்-சி துளை வெளிக் கருவிக்கு மின்சாரம் கொடுக்கும். பத்து நிமிடம் எதுவும் செருகாமல் இருந்தால் தானாகவே அணைந்துவிடும். காலையில் கேட்டது, மாலையில் கேட்கவில்லை என்ற புகாருக்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

சத்தம் குறைவு என்பது அடுத்த புகார். இங்கே ஆப்பிளின் 9 டாலர் அடாப்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விலைக்கு அதன் ஒலித் தரம் ஆச்சரியமானது, ஹெட்ஃபோன் பைத்தியங்களே பரிந்துரைப்பார்கள். ஆனால் அதில் இரண்டு மாடல் உண்டு. ஏ2049 அதிகபட்சம் 1 வோல்ட் கொடுக்கும். ஐரோப்பாவுக்கான ஏ2155 அதில் பாதி, அதாவது 6 டெசிபல் குறைவு. மாடல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் ஏ2049-மே மந்தமாக ஒலிக்கும். அடாப்டருக்கு உள்ளே தனியாக ஒரு வால்யூம் அளவு இருக்கிறது, அது குறைந்த நிலையில்தான் தொடங்கும். அந்தப் போன்கள் அதைத் தொடாமல், தங்கள் பக்க வால்யூமை மட்டும் ஏற்றி இறக்கும். ஐபோனிலும் கம்ப்யூட்டரிலும் இந்தத் தொல்லை இல்லை. ஆண்ட்ராய்டில் யூஎஸ்பியை நேரடியாகக் கையாளும் மியூசிக் ஆப் இருந்தால் சரியாகும். ஆனால் அந்த ஆப்புக்குள் மட்டும்தான், யூடியூபுக்கு உதவாது. ஆகவே ஆண்ட்ராய்டுக்காரருக்கு வேறு கம்பெனியின் டாக் அடாப்டர்தான் நிம்மதி.

1 வோல்ட் போதுமா என்றால், 16 அல்லது 32 ஓம் மின்தடை உள்ள இயர்போனுக்குத் தாராளம். 32 ஓமில் அது ஏறக்குறைய 31 மில்லிவாட், காது தாங்காது. சென்ஹைசர் எச்டி 600 போன்ற 300 ஓம் ஹெட்ஃபோனுக்கு 1 வோல்ட் சுமாராகப் போதும், அரை வோல்ட் போதாது. அப்படிப்பட்டவர்கள் அடாப்டரை விட்டு, 2 வோல்ட் அளவுக்குக் கொடுக்கும், டாங்கிள் எனப்படும் சற்றுப் பெரிய டாக் கருவியின் பக்கம் போவது நல்லது.

இன்னொரு கோளாறு விசித்திரமானது. பாட்டு ஓடும், வாத்தியங்கள் கேட்கும், பாடகர் குரல் மட்டும் கிணற்றுக்குள் போனதுபோல் மறைந்திருக்கும். மைக் பொத்தானை அழுத்திப் பிடித்தால் குரல் திரும்பி வரும், விட்டால் மறையும். மைக் உள்ள இயர்போனின் பின்னில் மூன்று கறுப்பு வளையம், நான்கு உலோகப் பட்டை இருக்கும். அடிப்பட்டை மைக்குக்கு, அதற்கு முந்தையது எர்த்துக்கு என்பது இன்றைய சி.டி.ஐ.ஏ. முறை. பழைய நோக்கியா காலத்து ஓ.எம்.டி.பி. முறையில் இவை இரண்டும் இடம் மாறியிருக்கும். எர்த் கிடைக்காமல் போனால் இடது வலது சிக்னல்களின் வித்தியாசம் மட்டும் காதில் விழும். குரல் இரண்டு பக்கமும் சமமாகப் பதிவாவதால் அது அடிபட்டுப் போகிறது. பொத்தானை அழுத்தும்போது மைக்கும் எர்த்தும் சேர்ந்துகொள்வதால் குரல் உயிர்பெறும். பின் முழுதாக இறங்காதபோதும் இதே கதைதான். முதலில் அழுத்திச் செருகிப் பாருங்கள், அதற்குப் பிறகு இயர்போனைச் சந்தேகப்படலாம்.

அடாப்டர் சாகும் இடம் எப்போதும் ஒன்றுதான்: ஒயர் டைப்-சி முனையிலிருந்து வெளியே வரும் கழுத்து. போனைத் தலைகீழாக, துளை மேலே இருக்கும்படி பாக்கெட்டில் வையுங்கள். அடாப்டரைப் போனில் விடாமல் இயர்போனிலேயே மாட்டி வையுங்கள். தொலையவும் தொலையாது. துளையில் பஞ்சு சேர்ந்து இணைப்பு விட்டுவிட்டு வந்தால், போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் ஓரங்களை மட்டும் நோண்டி எடுங்கள். நடுவில் இருக்கும் நாக்கில்தான் தொடுமுனைகள் எல்லாம். ஊசியோ சேஃப்டி பின்னோ பட்டால் சார்ஜும் போய்விடும்.

சார்ஜ் போட்டுக்கொண்டே கேட்பவர்கள் இரண்டாகப் பிரியும் அடாப்டர் வாங்கியாக வேண்டும். அதில் இரண்டைப் பாருங்கள்: ஆடியோ பக்கம் டாக் இருக்கிறதா, சார்ஜ் பக்கம் பி.டி. எனப்படும் வேக சார்ஜை விடுகிறதா. மலிவான பலவற்றில் சார்ஜ் நத்தை வேகத்தில்தான் ஏறும். இது ஜாக் போனதால் வந்த, முழுதாகத் தீர்க்க முடியாத இழப்பு.

டைப்-சி இயர்போன்

அடாப்டரும் இயர்போனும் ஒன்றாக ஒட்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாகத் தொலைய எதுவும் இல்லை, கூட ஓர் இணைப்பு குறைவு. ஆனால் ஒயர் அறுந்தால் டாக்கும் சேர்ந்து குப்பைக்குப் போகும். விமான இருக்கையிலோ பழைய லேப்டாப்பிலோ கீபோர்டிலோ செருக முடியாது. கையில் இயர்போனே இல்லை, போனுக்கு மட்டும்தான் வேண்டும் என்பவருக்கு இது பரவாயில்லை. டாக் உள்ளதா என்ற கேள்வியை இங்கேயும் கேட்க மறக்காதீர்கள்.

புளூடூத்: வசதிக்குக் கொடுக்கும் விலை

நடப்பவர், ஓடுபவர், பஸ்ஸில் நிற்பவர், சமையலறையில் இரு கையும் வேலையாக இருப்பவர் இவர்களுக்கெல்லாம் ஒயர் இல்லாமை பெரிய விடுதலை. ஒலித் தரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஒலியைச் சுருக்கி அனுப்பும் அடிப்படையான எஸ்.பி.சி. முறையே உயர்ந்த அமைப்பில் 328 கே.பி.பி.எஸ். வரை போகும், சாதாரண இயர்பட்ஸில் அதற்கு மேல் வித்தியாசம் கேட்பது கடினம். எல்டாக் என்ற இன்னொரு முறை 990 வரை போகும் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். கூட்டமான பஸ் நிலையத்தில் அது தானாகவே 330-க்கு இறங்கிவிடும் என்பதைப் போட மாட்டார்கள். ஐபோனில் எல்டாக்கே கிடையாது. ஐபோன்காரர் அதற்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

உண்மையான குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. முதலாவது, தாமதம். சாதாரண இயர்பட்ஸில் ஒலி காதுக்கு வர 150 முதல் 250 மில்லி செகண்ட் ஆகும். யூடியூப் போன்ற ஆப்கள் படத்தையும் அதே அளவு தாமதப்படுத்திச் சமாளித்துவிடும், நமக்குத் தெரியாது. விளையாட்டில், கரோக்கியில், திரையில் பியானோ வாசிக்கும்போது இந்தத் தந்திரம் பலிக்காது. விரல் தொட்டபின் சுரம் வரும். கேம் மோட் இதைக் குறைக்குமே தவிர ஒழிக்காது.

இரண்டாவது, மைக். பாட்டு கேட்கும்போது கணீரென்று இருந்த இயர்பட்ஸ், மீட்டிங்கில் மைக்கைத் திறந்தவுடன் டப்பாவுக்குள் இருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். பழுதல்ல. பழைய புளூடூத்தில் நல்ல ஒலி ஒரு திசையில்தான் போகும். மைக்கும் வேண்டும் என்றால் அது டெலிஃபோன் முறைக்கு, ஒற்றைச் சேனலில் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் மாதிரிக்கு மாறிவிடும். மீட்டிங் ஆப்பில் மைக்காக லேப்டாப்பின் மைக்கையும், ஒலிக்கு மட்டும் இயர்பட்ஸையும் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. எல்ஈ ஆடியோ என்ற புது முறை இதை வேரோடு சரிசெய்யும், ஆனால் போன், இயர்பட்ஸ் இரண்டிலும் அது இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஆயுள். இயர்பட் ஒன்றில் இருப்பது 40, 50 எம்.ஏ.எச். அளவிலான பொட்டு பேட்டரி. தினமும் காலியாகி நிரம்பினால் இரண்டு மூன்று ஆண்டுகளில் அதன் தளர்ச்சி நன்றாகத் தெரியும். திறந்து மாற்ற வழியில்லை. ஒரு பக்கம் மட்டும் சார்ஜ் ஏறவில்லை என்றால் தூக்கி எறிவதற்குமுன், கேஸின் அடியில் இருக்கும் பித்தளை நிறப் புள்ளிகளையும் இயர்பட்டின் புள்ளிகளையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட காதுக் குச்சியால் துடைத்துப் பாருங்கள். வியர்வையும் காது அழுக்கும் சேர்ந்து ஒரு படலம் கட்டியிருக்கும்.

நெக்பேண்டை இன்று பலர் மட்டமாகப் பார்க்கிறார்கள். நாள் முழுக்க போனில் பேசுகிறவருக்கு இயர்பட்ஸைவிட அதுதான் மேல். பெரிய பேட்டரி, கழுத்தில் கிடப்பதால் சாக்கடையில் விழாது, விலையும் குறைவு. நல்ல ஒயர் இயர்போனும் வேண்டும், ஒயர் இல்லாமையும் வேண்டும் என்பவர்களுக்கு ஃபியோ பி.டி.ஆர்., குடெலிக்ஸ் 5கே போன்ற சட்டையில் மாட்டும் புளூடூத் ரிசீவர்கள் இருக்கின்றன. பழைய இயர்போனை அதில் செருகிக்கொள்ளலாம். சார்ஜ் போட இன்னொரு பொருள் சேர்ந்தது என்பதுதான் நஷ்டம்.

ஜாக் உள்ள போனாகவே எடுத்தால்?

விலை ஏற ஏற ஜாக் மறையும் என்பது இன்றைய நடைமுறை. ரெட்மி நோட் 13, நோட் 13 புரோ இரண்டிலும் இருந்த ஜாக், அவற்றைவிட விலை கூடிய புரோ பிளஸ்ஸில் இல்லை. சாம்சங்கில் 2021-இன் ஏ52-வில் இருந்தது 2022-இன் ஏ53-இல் காணாமல் போனது. சோனியோ 2019-இன் முதல் எக்ஸ்பீரியா 1-இல் எடுத்திருந்த ஜாக்கை, 2020-இன் எக்ஸ்பீரியா 1 II முதல் அந்த வரிசையில் விடாப்பிடியாக வைத்துவந்திருக்கிறது, அதுவும் ஐபி68 தரத்தோடு. ஜாக்குக்காக கேமராவையும் சிப்பையும் விட்டுக்கொடுப்பது பெரும்பாலோருக்குக் கட்டுபடியாகாது, ஓர் அடாப்டரில் முடியும் வேலை அது.

ஒரே ஒரு விதிவிலக்கு எஃப்.எம். ரேடியோ. போனில் எஃப்.எம். கேட்கும்போது இயர்போன் ஒயர்தான் ஏரியல். புளூடூத்தில் அந்த ஒயரே இல்லை. டாக் அடாப்டரும் எஃப்.எம். சிப்புக்கு ஏரியலாகப் பயன்படாது. புயலில் டவர் சாய்ந்து டேட்டா செத்துப்போன ராத்திரியில் செய்தி சொல்லக்கூடியது ரேடியோதான். 2023-இல் இந்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், எஃப்.எம். வசதி உள்ள போன்களில் அதை முடக்காமல் செயல்படும் நிலையில் வைக்கும்படி தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியதும் பேரிடரை முன்னிட்டுத்தான். கடலோரத்தில் இருப்பவர்கள் வீட்டில் ஒரு போனிலாவது ஜாக்கும் எஃப்.எம்.மும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். பழைய போன் ஒன்றைச் சார்ஜ் போட்டு வைத்திருந்தாலும் போதும்.

அடாப்டர் வாங்கப் போகிறவர் போனையும் சொந்த இயர்போனையும் கையோடு கொண்டு போங்கள். கடையிலேயே செருகி ஒரு பாட்டை ஓட்டி, குரல் நடுவில் கேட்கிறதா, இரண்டு காதிலும் சமமாக வருகிறதா என்று பாருங்கள். டைப்-சி பின்னைத் திருப்பிப் போட்டு மறுபடி கேளுங்கள், ஒரு பக்கமாகச் செருகினால் மட்டும் ஓடும் மட்டச் சரக்கு உண்டு. யாருக்காவது போன் போட்டுப் பேசி மைக்கைச் சோதியுங்கள். இயர்போன் பொத்தானால் பாட்டு நிற்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, பாட்டு ஓடும்போதே ஒயரின் கழுத்தை இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டுங்கள். கரகரவென்றால் அங்கேயே வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.